‘எஃப்’ எண்டால் முடிஞ்சுதாம். எது முடிஞ்சுது?

கோல்ஃப் லீடர்போட், அதுதான் ஆர் எத்தினையாம் இடம் எண்டு காட்டுற இணையப் பக்கம், செய்யிற ஆக்களிட்ட ஒண்டு கேக்கவேணும். ஒருத்தன் எத்தினை குழி ஆடி முடிச்சிட்டான் எண்டு தெரியாமல், அவன் எத்தினையாம் இடம் எண்டதை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது? கரைச்சுக் குடிக்கிறதோ?

போனை நேரா பிடிச்சால் தெரியிறது இடம், பேர், மொத்தம். எத்தினை குழி முடிச்சான் (எல்லாம் முடிஞ்சால் ‘எஃப்’) எண்டு காட்டுற ‘த்ரூ’ நிரலைக் காணேல்லை. இந்த விளையாட்டின்ர உயிரே அந்த நிரல்தான்! ஒருத்தன் மைனஸ் 6 (குழிகளுக்கு வைச்ச கணக்கைவிட 6 தரம் குறைய அடிச்சிருக்கிறான், குறையக் குறைய நல்லது), ஆட்டம் முடிஞ்சு சாப்பிடப் போட்டான். மற்றவன் மைனஸ் 5, 12 குழிதான் முடிச்சிருக்கிறான். மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிற ஒகஸ்ராவில எண்டால் அவனுக்கு இன்னும் 13ம் 15ம் கிடக்கு. ரெண்டும் பார் 5, எண்டால் 5 அடிக் கணக்குக் குழி; பேர்டி, அதாவது கணக்கைவிட ஒண்டு குறைய, எடுக்கிற இடங்கள். தண்ணிக்குள்ள விட்டால் கதை வேற, அது கிடக்கட்டும். இப்ப ஆற்ற கை ஓங்கி நிக்குது? பக்கம் சொல்லுது சாப்பிடப் போனவன்தான் முதலாம் ஆளாம். போனைக் குறுக்கப் பிடிச்சால் சில பக்கங்களில அந்த நிரல் வரும், ஓட்டோ ரொட்டேட் போட்டிருக்கவேணும். மற்றதுகளில பேரைத் தட்டினால்தான் அட்டை விரியும். தட்டப்போற நேரம் பார்த்து விளம்பரம் ஒண்டு துள்ளி வந்து விரலுக்குக் கீழ குந்தும்.

சரி, நிரலைக் கண்டுபிடிச்சாச்சு. அதில ‘9*’ எண்டு கிடக்கு. அந்தக் குட்டி நட்சத்திரத்துக்கு விளக்கம் பக்கத்தின்ர அடியில, எறும்பு எழுத்தில. அவன் 10ஆம் குழியில துவங்கினவன் எண்டு அர்த்தம். 156 பேர் ஆடுற போட்டியில வியாழனும் வெள்ளியும் மூண்டு மூண்டு பேரா, 1ஆம் குழியிலயும் 10ஆம் குழியிலயும் ஒரே நேரத்தில விடுவாங்கள். காலையில 26 கூட்டம், மத்தியானத்துக்குப் பிறகு 26 கூட்டம். அப்ப 9* எண்டால் 10 துவங்கி 18 மட்டும் ஆடிப்போட்டு இனித்தான் 1ஆம் குழிக்குப் போறான். வெறும் 9 எண்டால் அப்பிடியே தலைகீழ். ‘17*’ எண்டதைக் கண்டிட்டு, கடைசியா 18இல என்ன செய்யிறான் பாப்பம் எண்டு காத்திருந்தியளோ, ஆள் 9ஆம் குழியில முடிச்சிட்டு வீட்ட போடுவான். பிரிட்டிஷ் ஓபன் பரவாயில்லை, வழக்கமா எல்லாரையும் 1ஆம் குழியிலதான் விடுறது. நேரமும் இலங்கையில எங்களுக்கு நாலரை மணித்தியாலம்தான் வித்தியாசம், கடைசி நாள் ஆட்டம் எண்டால் படுக்கைக்குப் போக முதல் முடிஞ்சிடும்.

அமெரிக்கப் போட்டிதான் பெரிய கோதாரி. கிழக்குக் கரை, கோடையில எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. ‘டீ டைம்’, அதாவது ஆடத் துவங்கிற நேரம், ‘1:30’ எண்டு போட்டிருக்கிறாங்கள். ஆற்ற 1:30? முதல் கூட்டத்தின்ர நேரத்தைப் பாருங்கோ. காலை 7 மணியளவில எண்டால் அது மைதான நேரம், ஒன்பதரையைக் கூட்டவேணும். பின்னேரம் 4, 5 எண்டால் போன் நேரத்துக்கு மாத்திப் போட்டாங்கள். இதை ஒரு சொல்லில எழுதி வைச்சால் காசா போகுது? வியாழன் இரவு 10 மணிக்குக் கிளிநொச்சியில முதலாம் இடத்தில தெரியிறவன் காலை ஆடின பாதியின்ர முதலாமவன், அவ்வளவுதான். மற்றப் பாதி அப்பத்தான் ஆடத் துவங்குது.

ரெண்டு சுற்றுக்குப் பிறகு ஆர் நிக்கிறது, ஆர் வீட்ட போறது எண்டு பிரிக்கிற கட் கோடும் அப்பிடித்தான். மாஸ்டர்ஸில 50 பேர், யூஎஸ் ஓபனில 60, நாலு பெரிய போட்டியான மேஜரில மற்ற ரெண்டிலயும் 70, கடைசி இடத்தில சமனா நிக்கிறவங்களும் சேர்த்து. கடைசி ஆள் முடிக்குமட்டும் அந்தக் கோடு ஏறும், இறங்கும். அமெரிக்காவில எண்டால் எங்களுக்குச் சனி விடிஞ்சிடும்.

இதுக்குள்ள தானா ஓடுற வீடியோ வேற. ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் காட்டோரத்தில ஒரு கோடு ரெண்டு கோடு சிக்னலில, பக்கம் பாதி ஏறமுதலே தானா புதுப்பிச்சுத் திரும்ப வெள்ளையாகுது. 156 வரி எழுத்து ஒரு வட்சப் படத்தின்ர பாரம்கூட வராதப்பா! பிரவுசரில ஓட்டோபிளேயை நிப்பாட்டி, படம் ஏறாமல் விட்டால் கொஞ்சம் தப்பலாம். போட்ட டேட்டா காட் விளம்பரத்துக்கே சரி.

பிறகு இந்த ‘எஃப்’. அது விழுந்தாலும் கதை முடியாது. 2025 பிரிட்டிஷ் ஓபனில ஷேன் லோரி இரண்டாம் சுற்றை முடிச்ச பிறகுதான், 12ஆம் குழியில பந்து அசைஞ்சதுக்குத் தண்டமா அவற்ற அடி எண்ணிக்கையில 2 கூட்டினவங்கள். அதே வருசம் மாஸ்டர்ஸ் முடிவு வந்தது எங்களுக்குச் சித்திரை வருசப்பிறப்பு விடியப்புறம். 18இல ரோரி மக்கில்ராய் போகி, கணக்கைவிட ஒண்டு கூட. ஜஸ்டின் ரோஸும் அவரும் மைனஸ் 11, ரெண்டு பேரும் நாலு சுற்று, 72 குழி முடிச்சாச்சு. சமனை உடைக்கிற பிளேஓஃப் இனித்தான். அதுவும் போட்டிக்குப் போட்டி வேற: மாஸ்டர்ஸில ஒரு குழியில முந்தினால் போதும், யூஎஸ் ஓபனில 2 குழிக் கூட்டுத்தொகை, பிரிட்டிஷ் ஓபனிலயும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலயும் 3 குழி. ‘டி1, எஃப்’, ‘டி1, எஃப்’ (சமனா முதலிடம், முடிஞ்சுது) எண்டு ரெண்டு வரியைக் காட்டிப்போட்டு பிளேஓஃபை வேற மூலையில ஒளிச்சு வைச்சால், கோலம் போட எழும்பின சனம் அதைப் பாத்து என்னத்தை விளங்கிறது? ‘பொறு, இன்னும் கிடக்கு’ எண்டு காட்ட உங்களிட்ட ஒரு எழுத்தும் மிச்சமில்லையோ?