கேட்காமலே போட்ட மார்க்

ஐந்து வெள்ளைக்கார ஆல்பங்களுக்குத் தம்பி ஒருவர் மார்க் போட்ட அந்த அட்டவணையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே நான் எழுதியதையும், அதற்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளையும்கூடப் பார்த்திருப்பீர்கள். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

தம்பியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. ஆனால் ‘மேட்டுப்பாளையத்துல கார் ஏறினோம், ரெண்டு மணி நேரத்துல ஊட்டி, வழியிலேயே அஞ்சு கிளாசிக் ஆல்பம் முடிச்சாச்சு, இதோ மார்க்’ என்று எழுதியிருக்கிறாரே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கணக்கு டீச்சர். கூட்டிப் பார்த்தேன். ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் பேண்டின் (வேகமான, முரட்டு ராக்) முதல் ஆல்பம் 29 நிமிடம். இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ 28. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்து ஃபோக் பேண்டின் (நாட்டுப்புறப் பாட்டு) ‘லீஜ் அண்ட் லீஃப்’ 41. லண்டன் பங்க் பேண்ட் கிளாஷின் ‘லண்டன் காலிங்’ இரட்டை ஆல்பம், 65. இந்த நான்கே 163 நிமிடம் ஆகிவிட்டது. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரியின் ‘டஸ்ட் பௌல் பாலட்ஸ்’ வேறு இருக்கிறது, அது எப்படியும் அரை மணிக்கு மேல். மொத்தம் மூன்று மணி நேரத்தைத் தாண்டுகிறது. நீங்கள் வந்தது இரண்டு மணி நேரத்தில். நடுவில் பர்லியாறில் டீ குடித்த போட்டோவும் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் எதைக் கேட்டீர்கள், எதைத் தள்ளிவிட்டீர்கள்?

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். கேட்டுவிட்டு மார்க் போடுங்கள்.

பிடிக்கவில்லையா, தாராளமாகச் சொல்லுங்கள். ஒன்று போடுங்கள், பூஜ்யம் போடுங்கள். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் வெற்றுப் பக்கத்தைக்கூடப் புரட்டிக் கோடு போட்டுத்தான் அடுத்த தாளுக்குப் போவோம். கூட்டலில் தப்பு வந்தாலே விளக்கம் கேட்பார்கள். முகம் தெரியாத ஒரு பிள்ளை எழுதியதற்கே அவ்வளவு மரியாதை உண்டு.

‘பிங்க் மூன்’ ஆல்பத்துக்கு 4. காரணம்: ‘ட்ரம்ஸே இல்ல, டெமோ மாதிரி இருக்கு.’ தம்பி, ட்ரம்ஸ் இல்லாததுதான் அந்த ஆல்பமே. அதற்கு முந்தைய ஆல்பத்தில் ட்ரம்ஸ், வயலின், ஊதுகருவிகள் எல்லாம் இருந்தன. அத்தனையையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிட்டாரும் குரலுமாகப் பதிவு செய்தார் நிக் டிரேக். முதல் பாட்டில் கொஞ்சம் பியானோ வரும், அவ்வளவுதான். அவர் வெளியிட்ட கடைசி ஆல்பம் அது. 1974-ல் இறந்தபோது வயது 26. அதை ஹேர்பின் வளைவில் ஹாரன் சத்தத்துக்கும் நான்கு பேர் பேச்சுக்கும் நடுவில் போட்டால் என்ன கேட்கும்?

ரமோன்ஸுக்கு 5. ‘எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி.’ 14 பாட்டு, சுமார் 6,400 டாலர் செலவு, 1976. ஸ்டீரியோவில் ஒரு பக்கம் கிட்டாரையும் மறுபக்கம் பேஸையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காரில் உங்கள் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் காதில் விழுந்திருந்தால் பாதி பேண்டைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கு 5 போட்டிருக்கிறீர்கள்.

‘லீஜ் அண்ட் லீஃப்’ பற்றி ‘இழுவை’ என்று ஒரே சொல். 1969 மே மாதம் அவர்களுடைய வேன் நெடுஞ்சாலையில் உருண்டு, ட்ரம்மர் மார்ட்டின் லாம்பிள் 19 வயதில் செத்துப்போனார். மிச்சமிருந்தவர்கள் கூடி, பழைய நாட்டுப்புறக் கதைப்பாடல்களை எடுத்து மின்கிட்டாரில் கட்டி, அந்த வருடம் டிசம்பரிலேயே வெளியிட்ட ஆல்பம் அது. அதிலுள்ள ‘மேட்டி க்ரோவ்ஸ்’ 8 நிமிடம் போகும். கள்ளக் காதல், காட்டிக்கொடுக்கும் வேலைக்காரன், கணவன் கையில் இரண்டு கொலை. நல்லதங்காள் கதையையும் முத்துப்பட்டன் கதையையும் விடிய விடியக் கேட்ட ஊர் நம்முடையது. நமக்கு 8 நிமிடம் இழுவையா?

‘லண்டன் காலிங்’ மட்டும் 10. எனக்கும் உயிர் அந்த ஆல்பம். ஆனால் ஏன் 10 என்று ஒரு வரி இல்லை. 19 பாட்டில் எது பிடித்தது என்றுகூட இல்லை. உலகத்தில் எல்லாப் பட்டியலிலும் அது மேலே இருக்கிறது, அதனால் இங்கேயும் மேலே. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய விடை என்று எனக்குத் தெரியாதா?

‘ரசனை ஆளுக்கு ஆள் மாறும் டீச்சர்’ என்பீர்கள். மாறட்டும், நான் எங்கே மறுத்தேன்? காதில் விழுந்த பிறகுதானே ரசனை. ‘இதெல்லாம் ஜாலிக்கு’ என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு இது ஜாலி இல்லை.

‘பெரிய விமர்சகர்களே தப்பாகத்தான் போட்டார்கள், லெட் செப்பலின் பேண்டின் முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் பத்திரிகை கிழித்துத் தொங்கவிடவில்லையா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், 1969-ல் ஜான் மெண்டல்சன் எழுதினார். என் கருத்தில் அது மோசமான மதிப்புரைதான். ஆனால் தன் பெயரைப் போட்டு, காரணம் சொல்லி எழுதினார். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் அவரோடு சண்டை போட முடிகிறது. அதே 1969-ல் ராபர்ட் கிறிஸ்ட்காவ் என்ற விமர்சகர் ஆல்பங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல் ஏ, பி, சி என்று தரம் போட ஆரம்பித்தார். அவரும் தரத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்தியாவது எழுதினார். மார்க் போடுவது பாவம் என்று நான் சொல்லவே இல்லை. நானும் நோட்டில் போடுகிறவள்தான். கேட்டுவிட்டுப் போடுகிறேன்.

இன்னொருவர், ‘நம்ம மலையிலயே இசை இருக்கு, இந்த வெள்ளைக்காரன் பாட்டுக்கு எதுக்கு இவ்ளோ அடிதடி’ என்கிறார். ஐயா, இந்த மலைப் பழங்குடிகளான கோத்தர்களின் கொம்பும் பறையும் ஒலிப்பதை நின்று கேட்டு உடம்பு சிலிர்த்தவள் நான். இன்னொரு பழங்குடியான தோடர்களின் பாட்டை மொழியியல் அறிஞர் எமனோ 1930-களில் இங்கே தங்கிக் கேட்டு எழுதி, 1971-ல்தான் புத்தகமாகப் போட்டார். தோடர்களில் ஒருவர் செத்துப்போனால் அவருக்காகவே கட்டிப் பாடுகிற பாட்டெல்லாம் அதில் இருக்கிறது. ஒருத்தர் இத்தனை வருடம் எடுத்துக்கொண்ட விஷயம் அது. நீங்கள் அதையாவது கேட்டிருக்கிறீர்களா? ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கேட்கக் கூடாது என்று எந்தக் காதில் எழுதியிருக்கிறது?

இதுவரைக்கும் பொறுமையாகத்தான் எழுதினேன். இனிமேல் கொஞ்சம் கஷ்டம்.

‘டஸ்ட் பௌல் பாலட்ஸ்’ ஆல்பத்துக்கு 3. ‘ஒரே ஆள், ஒரே கிட்டார், சுத்த போர்.’

என் அப்பா இலங்கையிலிருந்து வந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். அந்த எண்ணிக்கைக்குள் ஒருவர் அவர். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் கேம்ப், அப்புறம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. இந்த மலையில் எங்களை இன்றைக்கும் ‘சிலோன்காரங்க’ என்பவர்கள் இருக்கிறார்கள். அப்பாவுக்கு ரேடியோ என்றால் பைத்தியம். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு எடுக்காத நேரத்தில் இங்கிலீஷ் பாட்டு ஓடும், ஒரு வார்த்தை புரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார். என் காது அங்கேதான் திறந்தது.

கத்ரியின் கேசட்டை ஊட்டியில் படிக்கும்போது பழைய சாமான் கடையில் எடுத்தேன். வீட்டில் போட்டால் அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “என்னா புள்ள பாடுறான் இவன்? அழுகுறானா, கேலி பண்றானா?” என்றார். ‘டோ ரே மீ’ பாட்டு. நான் சொன்னேன். “மண்புயல்ல நெலம் போயி, கடனு ஏறி, குடும்பம் குடும்பமா கலிபோர்னியாவுக்குப் போறாங்கப்பா. எல்லையில போலீஸ் நிக்குது. கையில காசு இருந்தாத்தான் உள்ள விடுவானாம்.” அது கற்பனை இல்லை, 1936-ல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் மாநில எல்லைக்கே போய் நின்று ஏழைகளைத் திருப்பி அனுப்பியது. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அவங்களுக்கும் கேம்ப் இருந்துச்சா?” என்று கேட்டார். அதுவரை மண்டபத்தைப் பற்றி வாயே திறக்காத மனிதர், அன்றைக்கு ராத்திரி முழுக்கப் பேசினார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றது, கூட வந்தவர்கள் எந்த ஊருக்கு அனுப்பப்பட்டார்கள் என்றே தெரியாமல் போனது, எல்லாம்.

1940-ல் அந்த ஆல்பம் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் இசைத்தட்டுகளாக வந்தது. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும். டாம் ஜோட் என்பவனின் கதைப்பாட்டு அதில் அடங்காமல் இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டார்கள். வெட்டிச் சுருக்கவில்லை. ஒரே ஆள், ஒரே கிட்டார், உண்மைதான். ஊரை விட்டு வந்தவனிடம் வேறு என்ன இருக்கும்?

அதற்கு 3.

இதைச் சுருக்கமாக நான் கமென்ட்டில் எழுதியதற்குத்தான் ‘லயத்துல வளர்ந்தவங்களுக்கு எப்ப இருந்து ஃபோக்கும் பங்க்கும்?’ என்று ஒரு பதில். அதற்கு முப்பது, நாற்பது லைக். நான் பாடம் நடத்திய பிள்ளைகள் இரண்டு பேர் அதில் லைக் போட்டிருந்தார்கள். பார்த்தேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

இன்னொரு பதில், ‘சார் சொல்லிக்கொடுத்தாரா டீச்சர்?’ என் வீட்டுக்காரருக்கு இளையராஜா போதும், அவர் நிம்மதியாக இருக்கிறார். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பெண் இதையெல்லாம் கேட்டாள் என்றால் பின்னால் அண்ணனோ புருஷனோ இருக்க வேண்டுமா? லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தில் ‘பேட்டில் ஆஃப் எவர்மோர்’ பாட்டில் ராபர்ட் பிளான்டுக்கு எதிர்க்குரலாக வருவது யார்? நீங்கள் ‘இழுவை’ என்று தள்ளிய ‘லீஜ் அண்ட் லீஃப்’ ஆல்பத்தில் பாடிய அதே சாண்டி டென்னி. லெட் செப்பலினின் அந்த ஆல்பத்துக்கு, தம்பி, நீங்கள் தனியாகப் போட்டிருக்கும் பெரிய பட்டியலில் 9. குரல் ஒன்றுதான், கவனித்தீர்களா?

அந்தப் பெரிய பட்டியலையும் மேலிருந்து கீழே பார்த்தேன். 1975-ல் வந்த பேட்டி ஸ்மித்தின் ‘ஹார்சஸ்’ இல்லை. 1978-ல் வந்த எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் ஆல்பம் இல்லை. சோமாலிய அப்பாவுக்குப் பிறந்து, லண்டனில் பல்லில் கம்பி போட்டுக்கொண்டு, சாக்ஸஃபோனை மீறிக் கத்திப் பாடிய அந்த பேண்டின் பாடகி பாலி ஸ்டைரீனுக்கு உங்கள் பங்க் வரிசையில் இடமே இல்லை. கேட்டுவிட்டுத்தான் விட்டீர்களா, கேட்காமலே விட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே இதைக் கேட்டிருந்தேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் வரவில்லை.