ஏழு கோல் வாங்குன டீம்லேர்ந்து வந்த மனுஷன்

பிரேசில் ஃபுட்பால் டிஃபென்டர் லூசியோ பேச்சை எடுத்தாலே நம்ம பசங்க கேக்குற முதல் கேள்வி, "யாரு, இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஓவனுக்கு பந்தை எடுத்துக் குடுத்தாரே அவரா?" இதைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. அதான் இன்னைக்கு உக்காந்து எழுதிடலாம்னு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

2002 ஜூன் 21, வெள்ளிக்கிழமை மதியம் 12 மணி, ஜப்பான்ல உலகக் கோப்பை குவார்ட்டர் ஃபைனல், பிரேசில்-இங்கிலாந்து மேட்ச், காலேஜுக்கு மட்டம் போட்டு பக்கத்து வீட்டு டிவி முன்னாடி உக்காந்திருக்கோம். ஹெஸ்கி தூக்கி அடிச்ச பந்தை லூசியோ தொடையில வாங்கப் பாத்தாரு, அது நழுவி நேரா ஓவன் கால்ல போயி விழுந்துச்சு, கோல். உண்மைதான், தப்புதான், மறைக்கல. ஆனா அதுக்கப்புறம் ரிவால்டோவும் ரொனால்டினோவும் அடிச்சாங்க, ரொனால்டினோ ரெட் கார்டு வாங்கிட்டு வெளிய போயிட்டாரு, மீதி அரை மணி நேரத்துக்கு மேல பத்து பேரை வெச்சு அந்த 2-1ஐ காப்பாத்துனது யாரு? இதே ஆளும் அந்த டிஃபென்ஸும்தான். அது யாருக்கும் ஞாபகம் இல்ல. ஸ்ட்ரைக்கர் பத்து சான்ஸை வீணாக்கிட்டு ஒண்ணு அடிச்சா ஹீரோ, டிஃபென்டர் நூறு பந்தை தடுத்துட்டு ஒண்ணு விட்டா அவ்ளோதான், ஆயுசுக்கும் அதே கிளிப்பு.

என் கருத்து என்னன்னா, லூசியோ யாருன்னு பாக்கணும்னா அவர் தோத்த மேட்சைத்தான் பாக்கணும். ஆளு வெளிய தெரிஞ்சதே ஒரு தோல்வியிலதாங்க. பிரேசிலியா பக்கம் பிளனால்டினாங்கற ஊரு, 1997ல குவாராங்கற சின்ன உள்ளூர் டீமுக்கு ஆடிட்டிருந்தாரு, கோப்பா டூ பிரேசில்ங்கற அந்த நாட்டு கப் போட்டியில இன்டர்நாசியோனல்ங்கற பிரேசில் கிளப் கிட்ட 7-0ன்னு அடி வாங்குனாங்க. ஏழு! அந்த ஏழு கோல் வாங்குன டிஃபென்ஸ்ல நின்ன பையனைப் பாத்துட்டு, அடிச்ச டீமே வந்து இவனை எங்களுக்குக் குடுங்கன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஆள் தேடுற எந்த ஸ்கவுட்டோ தெரியல, அவருக்கு ஒரு கும்பிடு.

2001ல ஜெர்மனி, லெவர்குசன் கிளப். அடுத்த வருஷம் மே மாசம் அந்த டீமுக்கு நடந்தது எதிரிக்கும் வரக்கூடாது. மே 4 லீக் போச்சு, 11 ஜெர்மன் கப் ஃபைனல் போச்சு, 15 கிளாஸ்கோல சாம்பியன்ஸ் லீக் ஃபைனலும் போச்சு. அந்த ஃபைனல்னா எல்லாருக்கும் ரியல் மாட்ரிட்டோட ஜிடேன், பந்து தரையில விழறதுக்கு முன்னாடியே அடிச்ச அந்த வாலி ஷாட்தான் ஞாபகம். அதே மேட்ச்ல ரியல் மாட்ரிட் முதல்ல அடிச்ச கொஞ்ச நேரத்துல ஃப்ரீ கிக்குக்கு எகிறி ஹெட்டர் போட்டு சமன் பண்ணது நம்ம லூசியோ, அதை யாரும் போஸ்டர் அடிக்கல. ஒன்றரை மாசம் கழிச்சு யோகோஹாமால உலகக் கோப்பை ஃபைனல், எதிர்ல ஜெர்மனி, அதுல ஷ்னைடர், ராமலோ, நியூவில், மூணு பேரும் லெவர்குசன்ல கூட ஆடுறவங்க! இந்தத் தடவை கப்பு இவர் கையில.

அப்புறம் ஜெர்மனியிலயே பேயர்ன் மியூனிக் டீம். பின்னாடியிருந்து பந்தை எடுத்துக்கிட்டு ஓட ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, குதிரைன்னே பட்டப்பேரு. டிஃபென்டர்னா எடத்துல நிக்கணும்னு சொல்ற ஆளுங்களுக்கு அப்போ பக்குபக்குன்னு இருக்கும், எனக்கு அதுதான் புடிக்கும். முரட்டு ஆளுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு: 2006 உலகக் கோப்பையில 386 நிமிஷம் ஒரு ஃபவுல் கூட பண்ணாம ஆடியிருக்காரு, அதாவது நாலு மேட்ச்சுக்கும் மேல. லேட்டா போறவன்தான் காலைப் புடிப்பான், இவரு முன்னாடியே போயி நிப்பாரு.

2009ல வான் கால் கோச்சா வந்தாரு, லூசியோவை இன்டர் மிலானுக்கு அனுப்பிட்டாங்க. அடுத்த மே மாசம் மாட்ரிட்ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், எதிர்ல அதே பேயர்ன், அதே வான் கால். 2-0. மிலிட்டோ ரெண்டு அடிச்சாரு சரி, ஒண்ணும் உள்ள விடாதது யாரு? சாமுவேலும் லூசியோவும் சேந்து நின்ன அந்த சீசன் மாதிரி ஒரு ஜோடியை நான் அப்புறம் பாக்கல. சண்டைக்கு வரவங்க வாங்க.

யுவென்டஸ்ல அரை சீசன் கூட தேறல, சாவோ பாலோ, பல்மீராஸ்லாம் சுமார்தான், விட்டுடுவோம்.

2015ல நம்ம ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) டீம் எஃப்சி கோவாவுக்கு வந்தப்போ நம்மாளுங்களே "பென்ஷன் வாங்க வந்திருக்காரு"ன்னு கிண்டல். கோச் ஜிகோ. ஃபைனல்ல எதிர் டீம் நம்ம சென்னையின் எஃப்சி, அவங்க கோச் மாத்தராட்சி! மாட்ரிட்ல கப்பு தூக்குன அதே இன்டர் டீம்ல கூட இருந்த ஆளு, இப்போ எதிர் பெஞ்சுல. 87வது நிமிஷத்துல கோவா 2-1, நான் டிவியை அணைக்கப் போயிட்டேன், அப்புறம் கடைசி நேரத்துல அவங்க கீப்பரோட ஓன் கோல், உடனே மெண்டோசா, 3-2! வீட்டுல குதிச்ச குதியில கீழ் வீட்டுக்காரர் மேல வந்துட்டாரு. குதிச்சு முடிச்சப்புறம்தான் லூசியோ ஞாபகமே வந்துச்சு, மறுபடியும் ஒரு ஃபைனல் தோத்துட்டாரேன்னு. இதை எங்க சென்னையின் குரூப்ல சொல்லிடாதீங்க.

காசுக்குத்தான் ஆடுனாருன்னா கோவாவோட நிறுத்தியிருக்கலாமே? ஊருக்குத் திரும்பிப் போயி காமா, பிரசிலியன்ஸ்னு பிரேசிலியா டீமுங்கள்ல நாப்பது வயசுல ஆடிட்டிருந்தாரு. பிரேசிலுக்கு 105 மேட்ச் ஆடுன கேப்டன், ஆரம்பிச்ச அதே வட்டாரத்துல, உள்ளூர் லீக்ல.

2020 ஜனவரில ரிட்டயர் ஆனாரு. அன்னைக்கும் என் ஃபிரண்டு ஒருத்தன் வாட்ஸப்ல அனுப்புனது ஓவன் கோல் கிளிப்தான். நான் பதிலுக்கு கிளாஸ்கோ ஹெட்டரை அனுப்புனேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் வரல.