ஆண் மரத்தைக் காயை அறுத்தே அறிய வேண்டும்

காட்டில் தானாக முளைத்த சீமை அத்தியின் ஆண் மரத்தை இலையின் பிளவுகளைக் கொண்டே அறியலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரே மரத்தில்கூட இலைகள் பலவாறு பிளவுபட்டிருக்கும். நம்பத்தக்க வழி, முதிர்ந்த காயை நீளவாக்கில் அறுத்துப் பார்ப்பதுதான். ஆண் மரத்துக் காயில் நுனித் துளையை ஒட்டி மகரந்தத் தாள்கள் தென்படும். அதற்குக் கீழே, காயின் உள்ளேயே இருக்கும், குட்டைச் சூல்தண்டு (சூலகத்தின் மேல் நீளும் காம்பு) கொண்ட பூக்களில் அத்திக் குளவி முட்டையிட்டிருந்தால், விதைக்குப் பதிலாகக் குளவி வளரும் சிறு முடிச்சுகள் நிறைந்திருக்கும். மத்தியதரைக் கடல் நாடுகளில் குளிர்காலத்தில் இலையுதிர்ந்த கிளைகளிலும் காய் தங்கியிருந்தால், அதுவும் ஆண் மரத்துக்கு நல்ல அடையாளம். ஆண் மரத்துக் காய் பெரும்பாலும் சாறற்ற சக்கையாக இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். உண்ணத்தக்க காய் தரும் ஆண் வகைகளும் சில உண்டு.

பெங்களூருவில் வாழும் நம்மவர்கள் இதைப் பழக விரும்பினால் சீமை அத்தியின் உறவு மரமான பேயத்தியை எடுத்துக்கொள்ளலாம். அதிலும் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. நாம் வெறுமனே அத்தி என்று அழைக்கும் மரத்தில் தேடிப் பயனில்லை, ஏனெனில் அதன் ஒவ்வொரு காயிலும் இரு பாலின் பூக்களும் சேர்ந்தே இருக்கும். அறுக்கும்போது குளவிகள் வெளிவந்தால் அஞ்ச வேண்டியதில்லை, அவை நம்மைக் கொட்டுவதில்லை.