பெரிய தோட்டாவா, சிறிய தோட்டாவா? கைக்கு அடங்குவதை வாங்குங்கள்

டெக்சாஸில் கிரீன் கார்டும் கிடைத்து, சொந்த வீடும் வாங்கிய நம்மவர்கள் சிலர் அடுத்து விசாரிப்பது துப்பாக்கியைப் பற்றித்தான். "அண்ணா, வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு பிஸ்டல் எடுக்கலாம்னு பாக்குறேன். 9 எம்.எம். போதுமா, இல்ல .45 எடுக்கவா?" இந்த எண்கள்தான் காலிபர், அதாவது தோட்டாவின் விட்டம் ஏறக்குறைய எவ்வளவு என்பது; புள்ளி வைத்த எண்கள் அங்குலக் கணக்கு. (எச்-1பி விசாவில் இருப்பவர்கள் கவனம்: வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாவிட்டால் உங்களிடம் துப்பாக்கி இருப்பதே ஃபெடரல் குற்றம்.) கடைசியாகக் கேட்ட தம்பியிடம் கடைக்காரர் ஒருவர், ".45-ல ஒண்ணு பட்டா போதும், எங்க பட்டாலும் ஆள் சாஞ்சிடுவான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சுத்தப் பொய். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இப்படிப் பேசி விற்பதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு 9 எம்.எம். தாராளமாகப் போதும். கையில் வலு குறைந்தவர்கள் அதைவிட வேகம் குறைந்த .380 தோட்டாவுக்கு இறங்கினாலும் தப்பில்லை. .45 என்பது அதைச் சுட்டுச் சுட்டுப் பழகியவர்களுக்கானது.

".45 பட்டால் விழுவான்" என்ற பேச்சுக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படை அங்குள்ள மோரோ என்ற முஸ்லிம் இன வீரர்களோடு மோதியபோது, .38 ரிவால்வரில் சுட்டும் அவர்கள் நிற்காமல் பாய்ந்து வந்ததாகப் புகார் வந்தது. 1904-ல் தாம்சன், லாகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக்கூடத்து மாடுகளையும் மனிதச் சடலங்களையும் சுட்டுப் பார்த்து, .45-க்குக் குறையக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் 1911 மாடல் .45 பிஸ்டல். 1985-ல் பெரெட்டா 9 எம்.எம். வரும்வரை அமெரிக்க ராணுவத்தின் பிஸ்டல் அதுதான். தாத்தா, அப்பா என்று தலைமுறைகள் அதைச் சுமந்த நாட்டில் அந்த நம்பிக்கை லேசில் போகுமா?

அதைவிட முக்கியமான சம்பவம் 1986 ஏப்ரல் 11, மயாமி. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. ஏஜென்ட்கள் நடுத்தெருவில் மடக்குகிறார்கள். ஒரு ஏஜென்ட் சுட்ட 9 எம்.எம். தோட்டா, கொள்ளையன் மைக்கேல் பிளாட்டின் வலது கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் புகுந்து, நுரையீரலைச் சிதைத்து, இதயத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அந்தக் காயத்தோடு அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு ஏஜென்ட்கள் செத்தார்கள், ஐந்து பேர் காயம்பட்டார்கள்.

பழி அந்தத் தோட்டாவின் மேல் விழுந்தது. எஃப்.பி.ஐ. 10 எம்.எம்.-க்குப் போனது. சுடும்போது அது பின்னால் தள்ளும் உதை பலருக்குத் தாங்கவில்லை. வெடிமருந்தைக் குறைத்துத் தோட்டாவின் வேகத்தைக் குறைத்தார்கள். அந்தக் குறைத்த வேகத்துக்கு அவ்வளவு நீளமான தோட்டா எதற்கு என்று 1990-ல் .40 எஸ்&டபிள்யூ பிறந்தது. நாடு முழுக்கப் போலீஸ்காரர்கள் அதற்கு மாறினார்கள். கடைசியில் 2014-ல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவே 9 எம்.எம். போதும் என்று காரணங்களோடு எழுதிக் கொடுத்தது. கிட்டத்தட்ட முப்பது வருடம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தார்கள்.

இடையில் மாறியது தோட்டா. மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. ஒரு அளவுகோல் வைத்தது: உடல் திசு மாதிரித் தயாரித்த ஜெல்லில் தோட்டா குறைந்தது 12 அங்குலம் இறங்க வேண்டும், 18-ஐத் தாண்டக் கூடாது. இன்றைய நல்ல ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களை, அதாவது முனையில் குழிவிட்டு உள்ளே போனதும் விரிகிற ரகத்தை, இந்த ஜெல்லில் சுட்டுப் பாருங்கள். 9 எம்.எம்., .40, .45 மூன்றும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நிற்கும். விரியாத நிலையில் 9 எம்.எம்.-க்கும் .45-க்கும் விட்டத்தில் உள்ள வித்தியாசம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். இவ்வளவு சண்டையும் அந்த இரண்டரை மில்லிமீட்டருக்குத்தான்.

கைத்துப்பாக்கித் தோட்டா பெரும்பாலும் தான் தொட்ட இடத்தைத்தான் கிழிக்கும். மூளையோ தண்டுவடமோ அடிபட்டால் ஆள் அந்த நொடியே விழுவான். மற்றபடி ரத்தம் வடிந்துதான் நிற்க வேண்டும். இதயமே சிதைந்தாலும் 10 முதல் 15 நொடி வரை செயல்படும் அளவுக்கு மூளையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும் என்று 1989-லேயே எஃப்.பி.ஐ. எழுதியிருக்கிறது. அந்தப் பதினைந்து நொடியில் கத்தியோடு ஒருவன் உங்கள் ஹாலைக் கடந்துவிடுவான். அதனால் சரியான இடத்தில் பட வேண்டும், ஒன்றுக்கு மேல் பட வேண்டும், வேகமாகவும் பட வேண்டும். பயிற்சி பெற்ற போலீஸ்காரர்களே நிஜச் சண்டையில் சுடுவதில் 70 முதல் 80 சதவீதம் தவறிப்போகிறது என்று அந்த 2014 குறிப்பு சொல்கிறது. நாம் எம்மாத்திரம்? அதனால் எத்தனை தோட்டா இருக்கிறது என்பதும் முக்கியம்: 9 எம்.எம். பிஸ்டலான க்ளாக் 17-ல் 17 தோட்டா பிடிக்கும், பழைய .45 ரக 1911-ல் ஏழு.

ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், .45 வாடகைக்கு எடுத்துச் சுடும் புதியவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முதல் குண்டு இலக்குக் காகிதத்தில் உள்ள உருவத்தின் நடுவில் விழும். இரண்டாவதற்கு ட்ரிக்கரை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும், உதையை எதிர்பார்த்து மணிக்கட்டு கீழே இறங்கும், குண்டு வயிற்றுக்குக் கீழே போகும். மூன்றாவது காகிதத்திலேயே இருக்காது. அதே ஆள் கையில் நடுத்தர அளவு 9 எம்.எம். கொடுத்தால் ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் விழுவதைப் பார்த்திருக்கிறேன். .45 தோட்டா விலையும் அதிகம், அதனால் பயிற்சியும் குறைகிறது.

சரி, இன்னும் சின்னதாகப் போகலாமா? .380-ல் ஒரு சிக்கல் உண்டு: ஹாலோ பாயிண்ட் விரிந்தால் ஆழம் போதாது, ஆழம் போனால் பல சமயம் விரிவதில்லை. ஆனாலும் மூட்டுவலியால் ஸ்லைடை (தோட்டாவை ஏற்ற பின்னால் இழுக்கும் மேல்பகுதியை) இழுக்க முடியாத அம்மாவுக்கு, 2018-ல் வந்த ஷீல்ட் ஈ.இசட். .380 மாதிரி லேசாக இழுபடும் பிஸ்டல்தான் கையில் நிற்கும். நிற்காத .45-ஐ விட அது எவ்வளவோ மேல். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பாக்கெட்டில் போடுகிற குட்டி .380, எடை குறைவு என்பதால் பெரிய 9 எம்.எம்.-ஐ விட மோசமாக உதைக்கும். "பெண்களுக்கு ஏற்றது" என்று அதைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். .22-ஐ நான் பழகுவதற்கு மட்டுமே சொல்வேன். அந்த ரகத் தோட்டா சில சமயம் வெடிக்காமல் ஏமாற்றும்.

சின்ன காலிபர் என்றால் ஆபத்து குறைவு என்ற நினைப்பும் வேண்டாம். .22-ம் ஆளைக் கொல்லும். இங்கே நம் வீட்டுச் சுவர்கள் ஜிப்சம் பலகை. நான் சொன்ன எல்லாத் தோட்டாவும் அதைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். பிள்ளைகள் எந்தப் பக்கம் படுக்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். பூட்டுப் பெட்டியையும் பிஸ்டலையும் ஒரே நாளில் வாங்குங்கள்.

வாங்கும் முன் ரேஞ்சில் இரண்டு மூன்று காலிபரை வாடகைக்கு எடுத்து, கணவன் மனைவி இருவருமே 21 அடியில் ஐந்து ஐந்தாக வேகமாகச் சுட்டுப் பாருங்கள். இருவரில் கை வலு குறைந்தவரின் காகிதத்தைப் பார்த்து முடிவெடுங்கள். முதல் தடவை போகத் தயக்கமாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், டாலஸ் பக்கம் என்றால் நானும் கூட வருகிறேன்.