பங்கு என்றால் பணம் மட்டும்தானா?

‘நமக்கு நாமே’ திட்டம் எனக்குப் பிடித்த திட்டம். 1990களின் கடைசியில் வந்து, நடுவில் காணாமல் போய், 2021இல் திரும்பவும் வந்தது. ஒரு பகுதிக்குப் பூங்காவோ பள்ளிக்கூடக் கட்டடமோ வேண்டுமா? செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். நம் காசு போன இடத்தில் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று நாமே போய் நின்று பார்ப்போம். அது பெரிய விஷயம்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பத்து லட்ச ரூபாய் வேலைக்கு மூன்று லட்சத்துச் சொச்சம் கட்ட வேண்டும். நூறு வீடு இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வீட்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாலை பேசினால் முடிந்துவிடும். எங்கள் பகுதியில் பின்பக்கம் இருக்கும் லைன் வீடுகளில் யாரிடம் போய் அந்தத் தொகையைக் கேட்பது? அங்கே இருப்பவர்கள் கொத்தனார், சித்தாள், பெயின்டர், வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள். பக்கத்திலேயே பூங்காவுக்கென்று விட்ட ஓஎஸ்ஆர் (பொதுத் திறந்தவெளி) இடம் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களே இறங்கிச் செடியைப் பிடுங்கி, கட்டட இடிபாட்டை அள்ளி, மேடு பள்ளத்தை மண்வெட்டியால் நிரவினார்கள். இதே வேலையை ஒப்பந்தக்காரர் செய்திருந்தால் எஸ்டிமேட்டில் மண் வேலை, ஆள் கூலி என்று வரி வரியாக ஏறியிருக்கும். இவர்கள் செய்ததற்கு எந்தக் காகிதத்திலும் மதிப்பு இல்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 1988 முதல் இதே மாதிரி ஒரு நிதி இருக்கிறது. அங்கே மக்கள் பங்கைப் பணமாகவும் தரலாம், பொருளாகவும் தரலாம், உழைப்பாகவும் தரலாம். வந்து வேலை பார்த்த நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று விலை போட்டுப் பங்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த ஒரு பாலத்தின் அடியில், நிஜமான வோக்ஸ்வேகன் காரைக் கையில் பிடித்தபடி பிரம்மாண்டமான கான்கிரீட் பூதம் ஒன்று 1990இல் எழுந்ததும் இந்த நிதியின் உதவியால்தான். இன்றைக்கு ஊர் பார்க்க வருகிறவர்கள் அதன் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

‘காசு இருக்கிறவன் காசு கொடுப்பான், இல்லாதவன் உடம்பை வருத்தணுமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மழைநீர் வடிகால், குடிநீர், தெருவிளக்கு இதற்கெல்லாம் யாரிடமும் பங்கு கேட்கவே கூடாது என்பதுதான் என் கருத்து. அது மாநகராட்சியின் கடமை, நம் வரிப்பணம். நான் சொல்வது அதற்கு மேலே வருகிற பூங்கா, மரக்கன்று, சுவர் ஓவியம், விளையாட்டுத் திடல் மாதிரியான வேலைகளை. மேற்பார்வைக்குப் பொறியாளர் இருக்கட்டும். குழி வெட்டவும் வண்ணம் பூசவும் வேலை தெரிந்தவர்கள் அந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். அப்புறம், தான் நட்ட கன்றை ஆடு கடிக்க எவரும் விடமாட்டார்கள்.

2022இலிருந்து, வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிப் பேச ஏரியா சபை இருக்கிறது. நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கூட்டம் நடத்துவார்கள். அடுத்த கூட்டத்தில், ‘உழைப்பையும் கூலி விகிதப்படி மதிப்புப் போட்டு மக்கள் பங்காக ஏற்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்து, தீர்மானமாகப் பதியச் சொல்லப் போகிறேன். லைன் வீட்டுக்காரர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வார்டிலும் கேளுங்கள்.