38 பேர் என்ற கணக்கு எதைக் காட்டுகிறது?
அமெரிக்கக் கால்பந்தில் 2001 மயாமி பல்கலைக்கழக அணியிலிருந்து 38 பேர் என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை லீக் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுக்கப்பட்டார்கள், அதனால் அதுவே எக்காலத்திலும் சிறந்த கல்லூரி அணி என்கிறது ஒரு கட்டுரை. அந்த எண் சரி, முடிவுதான் இடிக்கிறது. 38 பேரில் ஃபிராங்க் கோர், ஷான் டெய்லர், வின்ஸ் வில்ஃபோர்க் எல்லோரும் அந்த ஆண்டு மாற்று ஆட்டக்காரர்கள். பின்னால் வரப்போகும் புகழை 2001 கணக்கில் வரவு வைக்க முடியாது. களத்தில் நடந்ததைப் பாருங்கள்: பாஸ்டன் காலேஜ் ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் மயாமி 12-7 என்றுதான் முன்னிலை, எதிரணி கோல் கோட்டருகே நின்றது, பாஸை இடைமறித்த சக வீரர் கையிலிருந்தே மயாமியின் எட் ரீட் பந்தைப் பிடுங்கி ஓடியதால்தான் 18-7. வர்ஜீனியா டெக்கை வென்றது 26-24. சமன் செய்யும் இரண்டு புள்ளி முயற்சியில் வர்ஜீனியா டெக் பந்தை நழுவவிட்டது. 1995 நெப்ராஸ்காவுக்கு இப்படி ஒரு கண்டமும் இல்லை. 12 ஆட்டங்களில் மிகக் குறைந்த வித்தியாசமே 14 புள்ளி. இறுதியில் இரண்டாமிடத்து ஃபுளோரிடாவை 62-24. அதில் 524 கெஜம் தரைவழி ஓட்டம். காரணம் ஆப்ஷன் ஆட்டம்: எதிரணியின் ஓரத் தற்காப்பு வீரர் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். அவர் குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் வீரர்) டாமி ஃபிரேசியர் மேல் பாய்ந்தால் பந்து பக்கத்து ஓட்டக்காரருக்கு. தயங்கினால் ஃபிரேசியரே ஓடுவார். அவரைத் தடுக்காததால் மிச்சமாகும் நெப்ராஸ்கா வீரர் உள்ளே எதிரணியின் இன்னொருவரை அடைப்பார். பாஸைத் துரத்தப் பழகிய அணிக்கு ஒரு மாதப் பயிற்சியில் இது பிடிபடாது. 2019 எல்எஸ்யூதான் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) சிறந்த அணி என்று கருத்தில் எழுதிய நண்பருக்கு: 15 ஆட்டங்களிலும் வெற்றி, குவாட்டர்பேக் ஜோ பரோ 60 டச்டவுன் (எல்லைக்கோட்டைக் கடந்து எடுக்கும் ஆறு புள்ளி) பாஸ், தாக்குதலில் மறுபேச்சில்லை. ஆனால் ஓலே மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அவர்களுக்கு எதிராகத் தரைவழியில் 402 கெஜம் ஓடியது. நெப்ராஸ்கா வந்திருந்தால்?