குட்டி வேண்டாம், வளர்ந்த நாயாகப் பாருங்கள்

எங்கள் காரைக்குடிப் பக்கத்து நாய் மீட்பு வாட்ஸப் குழுவில் பொங்கல் லீவு முடிந்ததும் இரண்டு வகைச் செய்திகள் தவறாமல் வரும். "ஆத்தாவும் அப்பச்சியும் தனியா இருக்காங்க, துணைக்கு ஒரு குட்டி வேணும், பொமரேனியன் இல்லன்னா ஷிட்சூ, ரெண்டு மாசக் குட்டியா இருந்தா நல்லது." இது சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள் போடுவது; எங்கள் பக்கம் ஆத்தா என்றால் அம்மா, அப்பச்சி என்றால் அப்பா. இன்னொன்று, "அப்பச்சி தவறிட்டாங்க, ஆத்தாவை எங்களோட கூட்டிட்டுப் போறோம், நாயை யாராச்சும் எடுத்துக்கிறீங்களா?" இரண்டையும் படித்துப் படித்து எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது, திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள். 70 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குக் குட்டி வாங்கிக் கொடுக்காதீர்கள். ஐந்து ஆறு வயதான நாயாகப் பார்த்துத் தத்தெடுத்துக் கொடுங்கள்.

சின்ன ரக நாய்களுக்கு ஆயுசு கெட்டி. பொமரேனியன், ஸ்பிட்ஸ் எல்லாம் 12 முதல் 15 வருஷம் வரைக்கும் சாதாரணமாக இருக்கும். 75 வயது அப்பச்சி மடியில் இன்றைக்குக் குட்டியை வைத்தால் அதன் கடைசிக் காலத்தில் அவருக்கு வயது என்ன? இதை வாய்விட்டுப் பேசினால் அபசகுனம் என்பார்கள். சரி, ஆயுசுப் பேச்சை விடுங்கள், முதல் ஆறு மாதத்தை மட்டும் பாருங்கள். ஆறு எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பூஸ்டர், மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி, நடுநடுவே பூச்சி மருந்து. இதற்கெல்லாம் கானாடுகாத்தானிலிருந்தோ பள்ளத்தூரிலிருந்தோ ஆட்டோ பிடித்துக் காரைக்குடிக்கு யார் அலைவது, மூட்டுவலியோடு இருக்கிற ஆத்தாவா?

வீட்டையும் யோசிக்க வேண்டும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளுகிற வீட்டில் குட்டி எந்த மூலையில் ஒன்றுக்குப் போனது என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும். தரையில் பதித்திருக்கிற ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, ஈரத்தை உறிஞ்சும், கவனிக்காமல் விட்டால் கறை நிற்கும். கறையாவது போகட்டும். ஏற்கெனவே வழவழவென்று இருக்கிற தரை, அதில் ஈரம், காலுக்கடியில் ஓடி வருகிற குட்டி, வயதானவர் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். அந்த வழவழப்பு நாய்க்கும் ஆகாது. சின்ன ரகங்களுக்கு முழங்கால் சில்லு நழுவுகிற தொல்லை சகஜம், அதனால் நகத்தையும் பாதத்துக்கு அடியில் வளர்கிற முடியையும் வெட்டிவிட்டு, அது படுக்கிற இடத்தில் ஒரு பழைய ஜமுக்காளத்தைப் போட்டு வையுங்கள்.

வளர்ந்த நாயிடம் இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை. எவ்வளவு பெரிதாகும், குரைக்குமா, பூனையைக் கண்டால் பாயுமா, எல்லாம் வரும்போதே தெரியும். "வளர்ந்த நாய் ஒட்டாதுங்க" என்பார்கள். அதெல்லாம் கதை! முதல் இரண்டு மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், சரியாகச் சாப்பிடாது. சில வாரத்தில் வீட்டு நேரம் பழகிவிடும், இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வாசலுக்கு வந்து நிற்கும். ஆரம்பத்தில் மட்டும் கயிறு இல்லாமல் வாசல் கதவைத் திறக்கக் கூடாது. நம் ஊர்த் தெருக்களில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது, ஓடிப்போன நாயைப் பார்த்தேன் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

பக் நாய் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே ஓடியதே, அதைப் பார்த்து வந்த ஆசை இன்னும் தீரவில்லை போல. அந்தச் சப்பை மூக்கை வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் மூச்சு வாங்குவதே அதற்குப் பெரும்பாடு.

நாயைக் கேட்டு வருபவர்களை நன்றாக விசாரித்துத்தான் கொடுப்போம். "சும்மா கொடுக்கிற நாய்க்கு இத்தனை கேள்வியா" என்று கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனவர்கள் உண்டு. கருத்தடை செய்யாத பெண் பொமரேனியனை இலவசம் என்று போட்டுப் பாருங்கள், உடனே கேட்டு வருபவர்களில் குட்டி வியாபாரிகளும் இருப்பார்கள். ஈனவைத்து ஈனவைத்தே அதன் உடம்பை உருக்குலைத்துவிடுவார்கள். அதனால்தான் கருத்தடை முடித்துக் கொடுப்பது, வீட்டை வந்து பார்ப்பது எல்லாம். நான் இன்னொன்றும் கேட்பேன்: பெற்றோரால் முடியாமல் போனால் நாயை நான் பார்த்துக்கொள்வேன் என்று பிள்ளை எழுதித் தர வேண்டும். சட்டத்தை நம்பிப் பயனில்லை. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்த்த பிராணியைப் பசியில் தவிக்கும்படி கைவிடுவது குற்றம்தான், ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. காரைக்குடி மெஸ்ஸில் ஒரு சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. கோயில் வாசலில் காரை நிறுத்தி, நாயை இறக்கிவிட்டுப் போகிறவருக்கு இது ஒரு பயமா?

இப்போது தேவகோட்டையில் ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ் இருக்கிறது. பெண், ஆறு வயது இருக்கும் என்கிறார் டாக்டர், கருத்தடையும் ஊசியும் ஆகிவிட்டது. தயிர்சாதம் என்றால் உயிர், வெடிச்சத்தம் ஆகாது, மாடிப்படி ஏற விடக்கூடாது. பெற்றோருக்காகக் கேட்பவர்கள், பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இன்பாக்ஸுக்கு வாருங்கள்.